மோரில் கரைத்தது

6 மார்ச் 2024, புதன்

அர்ச்சுனனுக்குக் கால் கட்டை விரல் மறுபடியும் தக்காளி மாதிரி வீங்கிவிட்டது. பக்டரி ஆட்களை ஏற்றி ஓட்டும் பஸ்ஸை வாசலில் கொண்டு வந்து நிறுத்தினார். இறங்க முடியவில்லை. ஹார்னை அடித்து என்னைக் கூப்பிட்டார். ஐம்பத்து மூன்று வயது ஆள். எங்கள் புந்தோங் வட்டாரம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அரசாங்கக் கிளினிக்குக்குத் தனியாகத்தான் போனார், எனக்கு லீவு கிடைக்கவில்லை. யூரிக் ஆசிட் ஏறிக் கிடக்கிறதாம். தினமும் ஒரு மாத்திரை, வாழ்நாள் முழுக்க. அலோப்யூரினால் என்று பெயர். வேறு என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "மருந்து கவுண்டர்ல ஒரு மலாய்ப் பொண்ணு என்னமோ சொல்லுச்சு. பசி வேற. சரி சரின்னு வந்துட்டேன்லா." இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த முறை நான் விடப்போவதில்லை. போன வருடம் கொடுத்த வலி மருந்தை இரண்டு நாளில் நிறுத்திவிட்டுப் படுத்துக் கிடந்தவர்தானே. இன்னொரு தடவை நீளமாக எம்.சி. போட்டு மெடிக்கல் லீவு எடுத்தால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வதாக பஸ் முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். மகள் ஷாமினிக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு தஞ்சோங் மாலிமில் பாக்கி இருக்கிறது.

13 மார்ச், புதன்

சாப்பாடு முடிந்ததும் மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு "வாயைத் திற". நாக்கைத் தூக்கச் சொல்லிக் கீழேயும் பார்க்கிறேன். பல் கிளினிக் கவுண்டரில் இத்தனை காலம் உட்கார்ந்தவளை ஏமாற்ற முடியுமா? "சரிங்க டாக்டரம்மா" என்று கிண்டல் பண்ணுகிறார். பண்ணட்டும். முழுங்கினால் சரி.

22 மார்ச், வெள்ளி

வீக்கம் வடிந்துவிட்டது. காலில் சப்பாத்து நுழைகிறது. பாசார் வரைக்கும் நடந்தே போய் வஞ்சிரம் வாங்கி வந்தார். புகழ் மாத்திரைக்கு. கொஞ்சம் எனக்கும்.

27 மார்ச், புதன்

காய்ச்சல். நெஞ்சில் சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது, அரிக்கிறது என்கிறார். பஸ்ஸில் ஏறும் பங்களாதேஷ் பையன்கள் யாரோ கொடுத்திருப்பார்கள். மாத்திரை போட்டாயிற்று.

28 மார்ச், வியாழன்

சிவப்பு முதுகுக்கும் கைக்கும் பரவிவிட்டது. நான் வேலையில் இருந்த நேரம் பார்த்து அவர் அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து. மங்களம் அக்கா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், என் வீட்டில், அவர் வீடு மாதிரி.

சுங்கை சிப்புட் தாண்டி இவர்கள் பிறந்த தோட்டத்தில்தான் அக்கா இன்னும் இருக்கிறார். ரப்பர் போய் செம்பனை வந்து, அதையும் பாதி வெட்டி வீட்டு மனை போட்டுவிட்டார்கள். மாரியம்மன் கோயிலும் நாலைந்து குடும்பமும் மிச்சம். கோயிலுக்கு விளக்கு வைப்பது அக்கா. தாய் இல்லாத தம்பியை வளர்த்ததும் அக்கா. அதனால் அவர் சொன்னால் இந்த மனுஷனுக்கு வேதவாக்கு.

"ஆத்தா வந்திருக்கா" என்றார், விருந்தாளி வந்த மாதிரி. தாளிக்கக் கூடாது, மீன் கூடாது, யாரும் வரக் கூடாது, ஆஸ்பத்திரிப் பேச்சே கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உடம்பெல்லாம் பூசியாயிற்று.

நான் கத்தோலிக்கப் பெண். இவரைக் கட்டிக்கொண்டு முதல் முதல் தோட்டத்துக்குப் போன அன்று, அக்கா என் நெற்றியில் பூச வந்த திருநீற்றைக் கையால் தடுத்தேன். அத்தனை பேருக்கு முன்னால். அதை அவர் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

29 மார்ச், புனித வெள்ளி

சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சண்டை போட்டேன். போனில் சின்னம்மைப் படங்களையெல்லாம் தேடிப் பார்த்தேன், எனக்கும் அம்மை என்றுதான் படுகிறது. ஆனால் அதற்கு ஆத்தா வர வேண்டாம், ஒரு வைரஸ் போதும். ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும். அதனால் வேப்பிலை, மஞ்சள் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அந்த ஒரு மாத்திரையை மட்டும் கொடுக்க விடுங்கள் என்றேன்.

"மருந்து மாயம் ஒண்ணும் ஆவாது. ஆத்தா எறங்குற வரைக்கும் எதையும் தொடாத. அவளுக்கு ஆவாது."

"காலு வீங்கும்க்கா. வேல போயிரும்."

"உசுரு பெருசா, வேல பெருசா?"

அர்ச்சுனன் கண்ணை மூடிக்கொண்டு, "அக்கா சொல்றதக் கேளேன் ஐவி" என்றார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. இவர் காலுக்காக நான் தவம் கிடக்க வேண்டும், இவருக்கு அக்காதான் பெரிசு.

மோர் கொடுக்கலாம் என்று அக்காவே சொல்லியிருக்கிறார். நல்லதாகப் போயிற்று. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு கரண்டிக்கு நடுவில் மாத்திரையை வைத்து நசுக்கி, மோரில் கரைத்துக் கொடுத்துவிட்டேன். குடித்தார். அக்காவும் விசிறிக்கொண்டே பார்த்தார்.

யாரும் கேட்கவில்லை. அதனால் நான் பொய் சொல்லவில்லை.

31 மார்ச், ஞாயிறு. ஈஸ்டர்

முகம் வீங்கிவிட்டது. கண் இரண்டும் கோடு மாதிரி இருக்கிறது. சிவப்பெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது, தனித்தனியாக முத்து என்று ஒன்றும் இல்லை. சின்னம்மை இப்படியா இருக்கும்? கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. "ஆத்தா மூஞ்சில எறங்கிட்டா. இனிமே கொறஞ்சிரும்" என்கிறார் அக்கா. அவருக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது.

உதட்டுக்குள் புண். மோரை வாயருகே கொண்டுபோனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எரியுதுடி. வேணாம்." வற்புறுத்திக் கொடுத்தேன். வாயைத் திற என்றேன். பழக்கத்தில் நாக்குக்கு அடியிலும் பார்த்தேன். அங்கேயும் புண்.

1 ஏப்ரல், திங்கள்

இன்றைக்கு மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். மோர் டம்ளரின் அடியில் கொஞ்சம் வெள்ளையாகத் தங்கியிருந்தது. நான் எடுக்கப் போவதற்குள் அக்கா எடுத்துவிட்டார். வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார்.  சண்டைக்கு வாயில் வார்த்தையெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

அக்கா சமையலறைக்குப் போனார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "நீ போயி கொஞ்சம் படும்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார். இந்த வீட்டு மருமகளாக வந்ததிலிருந்து ஒரு நாளும் அவர் வாயில் "அம்மா" வந்ததில்லை. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தபோது என் தலையிலும் இரண்டு சொட்டு தெளித்தார், சிரித்துக்கொண்டே.

என்ன திட்டம் போடுகிறார்?

2 ஏப்ரல், செவ்வாய்

கூழ் கொடுத்துக்கொண்டிருந்தபோது அர்ச்சுனன் திடீரென்று சொன்னார்: "அந்த மருந்து கவுண்டர் பொண்ணு... மேல ரூவாம் மாதிரி தடிப்பு வந்தா நிறுத்திட்டு ஒடனே வரச் சொல்லுச்சு ஐவி. இப்பத்தான் ஞாபகம் வருது."

"அதான் நிறுத்தியாச்சே" என்று அக்கா உடனே சொன்னார்.

நான் அடுத்த கரண்டிக் கூழை நீட்டினேன். அக்காவே சொல்லிக்கொடுத்துப் பேச வைத்திருப்பார். நேற்று டம்ளரைப் பார்த்தாரே, அதற்குத்தான் இந்த நாடகம். கிளினிக்கில் சொன்னது நாலு வாரம் கழித்து, சரியாக இன்றைக்குத்தான் இவருக்கு ஞாபகம் வருமா? அம்மைக்குத் தடிப்பு வராமல் வேறு என்ன வரும்?

ஷாமினி போனில் அழுதாள். "அம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, ப்ளீஸ். நான் வாரேன்." அம்மை வீட்டுக்கு வரக் கூடாது என்று அக்கா பக்கத்திலிருந்தே கத்தினார். பரீட்சை இருக்கிறது, வைரஸ்தான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன். ஒரு விஷயத்திலாவது நானும் அக்காவும் ஒத்துப்போனோம்.

மோர் கொடுத்தேன்.

3 ஏப்ரல், புதன்

சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகிறது. சூடு என்கிறார் அக்கா. இளநீர் வாங்கி வந்தேன். மோரும்.

4 ஏப்ரல், வியாழன்

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். 

காலையில் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். ஒரு வாரமாகப் பூசின மஞ்சள், உடம்பெல்லாம் மஞ்சள்தான், ஒன்றும் தோன்றவில்லை. அப்போது கண்ணைத் திறந்தார். வெள்ளை முழுக்க மஞ்சளாக இருந்தது. கண்ணுக்குள் யார் மஞ்சள் பூசியது? அக்காவைக் கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். கண்ணுக்குள்ள யாருக்கா மஞ்ச பூசுனா? நீங்களா? நானா?

அக்கா ஆத்தா என்று ஆரம்பித்தார். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்துவிட்டேன். கேட்டுக்குக் குறுக்கே நின்றார். "ஆத்தாவ ரோட்டுல தூக்கிட்டுப் போறீங்களே, தாங்குவானாடி அவன்?" தள்ளிவிட்டேன். விழுந்தார். எழுந்து அவரும் வேப்பிலையோடு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார்.

ஒரு சீன டாக்டர், என் மகள் வயதுதான் இருக்கும். கழுத்துக் கட்டியைத் தொட்டாள், வாயைப் பார்த்தாள், முதல் கேள்வியே, இரண்டு மாதத்துக்குள் புதிதாக ஏதாவது மருந்து ஆரம்பித்தாரா என்பதுதான். அம்மையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

இது மருந்து ஒவ்வாமை என்றாள். சாதாரண அரிப்பு இல்லை. நூற்றில் ஒருவருக்குக்கூட வராது, வந்தால் தோலோடு நிற்காது. தோலில் தெரிவது உள்ளேயும் நடக்கிறது. கல்லீரல் போய்க்கொண்டிருக்கிறது, சிறுநீரகமும். மருந்து ஆரம்பித்துச் சில வாரம் கழித்துத்தான் காட்டும், அதனால் யாரும் மருந்தைச் சந்தேகப்பட மாட்டார்கள். காய்ச்சல், தடிப்பு, முகவீக்கம், கழுத்தில் கட்டி. இந்த நாலும் சேர்ந்து வந்தால் முதல் வேலை மருந்தை நிறுத்துவது.

அவள் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தேன். எல்லாமே என் கண்ணுக்கு முன்னால்தான் வந்தது. வரிசையாக.

கடைசியாக எப்போது சாப்பிட்டார்?

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார், தன் தோட்டத்து மலாயில். தடிப்பு கண்ட மறுநாளே எல்லா மருந்தையும் தான் நிறுத்தச் சொல்லிவிட்டதாக. டாக்டர் என்னைப் பார்த்தாள். அப்படியா?

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஏன் ஆட்டினேன்? தெரியலையே. ஏன்டி ஆட்டுன?

"நிறுத்தியது நல்ல காரியம்" என்றாள் டாக்டர், அக்காவைப் பார்த்து. "ஆனால் அன்றைக்கே இங்கே கொண்டு வந்திருக்க வேண்டும்."

7 ஏப்ரல், ஞாயிறு

ஐ.சி.யூ.வில் இருக்கிறார். மஞ்சளைக் கழுவிவிட்டார்கள். கழுவியும் மஞ்சளாகத்தான் இருக்கிறார்.

மருந்தை நிறுத்தி இத்தனை நாள் ஆகியும் நோய் இப்படி ஏறுகிறதே என்று டாக்டர் யோசிக்கிறாள். சிலருக்கு அப்படியும் ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். கெட்டிக்காரப் பெண். என்னிடம் இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்கவில்லை.

நானாகச் சொல்லக் கூடாதா? சொன்னால் வைத்தியம் மாறுமா? மாறாது என்று நினைக்கிறேன். நிஜமாகவே மாறாதா, இல்லை எனக்கு அப்படி நினைக்க வசதியாக இருக்கிறதா?

10 ஏப்ரல், புதன்

ஹரி ராயா, நோன்புப் பெருநாள். வார்டு வராந்தாவில் ஒரு தாதி எல்லாருக்கும் கேதுப்பாட், ஓலையில் வேகவைத்த சோறு, கொடுத்தாள். பரீட்சையை விட்டுவிட்டு வந்திருக்கும் ஷாமினி சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தது.

12 ஏப்ரல், வெள்ளி

போய்விட்டார்.

27 ஏப்ரல், சனி

கருமாதி முடிந்தது. அவர்கள் முறைப்படியே செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டுப் பந்தியில் அக்காவுக்கு இலை போட்டார்கள். ஷாமினி போய் இலையை எடுத்தாள். என் மகள், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவள். "டாக்டர் சொன்னது ஒங்க காதுலயும்தானே விழுந்துச்சு அத்தை? அன்னைக்கே கொண்டு வந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு. நீங்க வேப்பெலையக் கட்டி வீட்லயே வச்சுக் கொன்னுட்டீங்க."

தோட்டத்திலிருந்து வந்தவர்கள், புந்தோங்காரர்கள், அத்தனை பேரும் கேட்டார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. என் அண்ணன் லூயிஸ், போலீசில் சொல்ல வேண்டிய கேஸ் என்று சத்தமாகவே சொன்னான்.  அக்கா கையில் ஊற்றின தண்ணீரை அப்படியே முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். போகும்போது என்னை மட்டும் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார்.

எனக்குக் கையில் காப்பித் தட்டு இருந்தது. எல்லாருக்கும் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. இலையை எடுத்த அந்த நேரத்தில், நெஞ்சுக்குள் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. பாரத்தை யாரோ இறக்கி அவர் தலையில் வைத்துவிட்ட மாதிரி.

19 மே, ஞாயிறு

ஷாமினியிடம் சொல்லிவிட்டேன், அந்த மாத்திரையை ஆயுசுக்கும் தொடக் கூடாதென்று. இது ரத்தத்தில் வருவது, பிள்ளைகளுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் கட்டாயம் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அத்தைக்குச் சொன்னீங்களா என்று ஷாமினி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என்னவென்று போன் போடுவது?

தோட்டத்தில் இப்போது கோயில் விளக்கை வேறு யாரோ வைக்கிறார்களாம். அக்கா வைத்தால் ஜனங்கள் வர மாட்டேன் என்கிறார்களாம்.

9 ஆகஸ்ட், வெள்ளி

ஆடி வெள்ளி. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கேட்டில் சத்தம். அக்கா நிற்கிறார். பஸ் ஏறித் தனியாக வந்திருக்கிறார், ஒரு கால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. பாதியாகிவிட்டார்.

"உள்ள வரலாமா ஐவிம்மா?"

உட்கார வைத்தேன். காலை நீட்டினார். கட்டை விரல் வீங்கிப் பளபளவென்று சிவந்திருந்தது. தம்பி கால் மாதிரியேதான். சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "கிளினிக்ல குடுத்தாங்க. நேத்து. எனக்கு எழுத்து தெரியாது. நீ கிளினிக்ல வேல பாக்குறவ, ஒன்னைக் கேட்டுட்டுப் போடலாம்னு வந்தேன்."

பெயரைப் படித்தேன். அட்டையில் ஒன்றும் குறையவில்லை.

அதை அவர் கையிலிருந்து பிடுங்கித்தான் எடுத்தேன். இத தொடாதீங்கக்கா, ஒங்க ரத்தத்துக்கு ஆவாது, அவருக்கு ஆன மாதிரி ஒங்களுக்கும் ஆயிரும், இப்பவே கிளினிக்குக்குப் போயி தம்பிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லணும், நானே ஒங்கள இட்டுக்கிட்டுப் போறேன். மூச்சு விடாமல் சொன்னேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. "நல்லவேள, ஒன்னைக் கேட்டேன்" என்றார்.

 பிறகு அவராகப் பேசினார்.

"நாந்தான் கொன்னேன்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கும்மா. ஆத்தா பேரச் சொல்லி வீட்ல வச்சுக்கிட்டது நாந்தானே. ஆனா ஒண்ண நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிறேன். நீ அன்னைக்கு மோருல திருநீறு கரைச்சுக் குடுத்தேல்ல, டம்ளரு அடியில வெள்ளையா நின்னுச்சு. நான் பாத்தேன். ஒரு நாளும் நெத்தியில வாங்காத பொண்ணு, அவனுக்காக எறங்கி வந்துட்டாளேன்னு அப்படி ஒரு சந்தோசம் எனக்கு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஒங்க சர்ச்சுல தெரிஞ்சா ஒன்னைத் தப்பாப் பேசுவாங்கல்ல?"

மாத்திரை அட்டை இன்னும் என் கைக்குள்தான் இருந்தது.

"என்னம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற? திருநீறுதானே?"

"ஆமாக்கா" என்றேன். "திருநீறுதான்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சுருக்குப் பையில் விரலை விட்டு எடுத்து, என் நெற்றிக்குக் கொண்டு வந்து, அங்கேயே நிறுத்திக் காத்திருந்தார். இந்த முறை நான் தடுக்கவில்லை.

அவரைக் கிளினிக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அதைத் துடைக்காமல்தான் வேலைக்குப் போனேன்.